ஜொஹரா பீவியின் ஓட்டு

ஆசியா உம்மாள் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அது சரியா தப்பா என்று யோசிப்பதெல்லாம் முடித்த பிறகுதான். ஆகவே நகரசபைத் தேர்தலன்று காலையில், வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கடலூர் முதுநகரில் பெண்கள் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்கு அவள் கிளம்பியபோது அவள் மனசில் துளிக் கள்ளமும் கிடையாது. முதலில் பக்கத்து வீட்டு ஜொஹரா பீவியின் ஓட்டைப் போட வேண்டும். தன்னுடையதை அப்புறம் நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம் அல்லவா, அதை முதலில் தீர்த்துவிடுவதுதான் முறை என்பது அவள் நியாயம்.

அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் கடையில் வரிசை கட்டி நின்ற அறுபதுகள் அவை. சில வாரங்களுக்கு முன் ஜொஹரா பீவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். புருஷன் இல்லாத ஒண்டிக்கட்டை. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஓடி வந்து, மாவுக்கட்டுப் போட்ட தாயைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டாள். போகும்போது ஜொஹரா தன் ரேஷன் கார்டை ஆசியாவின் கையில் திணித்து, என் பங்கு எதையும் விட்டுவிடாதே, எல்லாவற்றையும் வாங்கி வை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆசியா சர்க்கரையை விடவில்லை. மண்ணெண்ணெயை விடவில்லை. இப்போது ஓட்டு வந்திருக்கிறது. ஒரு பிடி சர்க்கரையைக் கூட விட மனசில்லாத தோழிக்கு ஒரு முழு ஓட்டு வீணாய்ப் போக விடலாமா?

இதில் அவளுக்குச் சொந்த ஆதாயமும் இருந்தது என்பதை மறைப்பானேன். அந்த வார்டில் குடைச் சின்னத்தில் நின்றவன் அவளுடைய தம்பி காசிம். தாய் இறந்தபின் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ஆசியா. லாத்தா, லாத்தா என்று அக்காளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை, போன தேர்தலில் ஜெயித்துக் கவுன்சிலராகியிருந்தான். நல்ல மனுஷன். கல்யாணம், காது குத்து, மௌத்து என்று நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாய் வந்து நிற்பான். யார் எதைக் கேட்டாலும் 'செஞ்சிடலாம்' என்பான். இந்த முறை அவனுக்கு எதிராக சைக்கிள் சின்னத்தில் மரவாடி வைத்து மரம் விற்கும் தங்கராசு நின்றார். ஒரு ஓட்டு ரெண்டு ஓட்டில்கூடக் காரியம் கவிழ்ந்துபோகும் என்று ஊரெல்லாம் பேச்சு. தம்பி தோற்றுவிட்டால் தெருவில் தலை காட்டுவது எப்படி என்று ஆசியாவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

ஓட்டுச்சாவடி அதிகாரி தேவசகாயம் வெளியூர் வாத்தியார். அவருக்கு இந்தத் தெருவில் ஒருவரையும் தெரியாது. துப்பட்டிக்குள் வரும் பெண்கள் இன்னார்தான் என்று பார்த்துச் சொல்வதற்கு இரண்டு வேட்பாளர்களும் ஆளுக்கொரு பெண்ணை ஏஜெண்டாக உட்கார வைத்திருந்தார்கள். சைக்கிளுக்கு லோகநாயகி. குடைக்கு ஆசியாவின் சொந்த மருமகள் ஜெய்னப், பத்தாவது படித்தவள். எங்கள் ஜெய்னப்புக்குத் தெரியாத பொம்பளை இந்த வார்டிலேயே கிடையாது என்று தம்பியிடம் பெருமை பேசி அவளை அங்கே உட்கார வைத்ததே ஆசியாதான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள்.

பேர் என்ன என்று கேட்டார்கள். ஆசியா நிமிர்ந்து நின்று, ஜொஹரா பீவி என்றாள். வரிசையில் இரண்டு பெண்கள் இருமினார்கள். லோகநாயகி வேறு தெருக்காரி, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெய்னப் மட்டும் எழுந்து நின்றாள்.

"இவுங்க ஜொஹரா பீவி இல்ல சார். இவுங்க எங்க மாமி."

தேவசகாயம் ஜெய்னப்பின் சட்டையில் குத்தியிருந்த குடைச் சின்னத்தைப் பார்த்தார், ஆசியாவைப் பார்த்தார், தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் பக்கம் விழப்போகிற ஓட்டைத் தானே தடுக்கிற ஏஜெண்டை அவர் எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை. நீ எந்தப் பக்கம் அம்மா என்று ஒருமுறை கேட்டே விட்டார். குடைப் பக்கம்தான், ஆனால் ஆள் மாறாமல் பார்த்துக்கொள்ளத்தானே எங்களை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்றாள் ஜெய்னப்.

ஆசியாவுக்கு முதலில் திகைப்பு, அப்புறம் கோபம். ரேஷன் கார்டைக் கொடுத்தவள் ஓட்டை மட்டும் கொடுக்க மாட்டாளா, இன்று வரை அவள் சர்க்கரையை வாங்கியவள் யார், கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்டானா என்று அதிகாரியிடம் நியாயம் பேசினாள். தேவசகாயம் பொறுமைசாலி. சர்க்கரையை யார் போய் வாங்கினாலும் அது சர்க்கரைதான் அம்மா, ஓட்டு அப்படியில்லை, போடுகிற கையைப் பொறுத்து அது மாறிப்போகும் என்றார். சட்டப்படி போலீஸில் ஒப்படைக்க வேண்டும், சூதுவாது இல்லாமல் வந்திருப்பதால் விடுகிறேன், உங்கள் ஓட்டை மட்டும் போட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். என் ஓட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆசியா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வெளியே வந்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னால், தன் வீட்டுச் சோற்றைத் தின்கிற பெண் தன்னைக் கள்ளியாக்கிவிட்டாள். சாயங்காலத்துக்குள் இது மீன் மார்க்கெட் வரைக்கும் போய்விடும். இதற்கு ஒரே பதில்தான் உண்டு. அந்த ஜொஹராவையே கொண்டு வந்து, இந்த மருமகளின் மூக்குக்கு நேராக நிறுத்தி, அவள் கையாலேயே குடையில் குத்த வைத்தால் எப்படி இருக்கும்? நினைத்த மாத்திரத்தில் கோபம் பாதி இறங்கிவிட்டது.

தேர்தலுக்கென்று காசிம் ஒரு பழைய மோரிஸ் காரை வாடகைக்கு அமர்த்தியிருந்தான். முன்னும் பின்னும் குடைப் படம் ஒட்டி, கதவிலும் ஒட்டி, கண்ணாடியில் பார்க்க மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். ஆட்களை ஏற்றி இறக்கி அது ஓய்ந்து வந்து நிற்பதற்குள் நண்பகல் தாண்டிவிட்டது. ஆசியா கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சிதம்பரத்துக்குப் போ என்றாள். டிரைவர் கண்ணாயிரம் தலையைச் சொறிந்தான். அவ்வளவு தூரம் போய் வர ஒரு ஓட்டுக்காகவா என்று கேட்டான். கவுன்சிலருடைய அக்கா முறைத்த முறைப்பில் வண்டி தானாகவே கிளம்பியது என்றுதான் அவன் பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சிதம்பரத்தில் லால்கான் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் மகள் வீடு. ஜொஹரா கட்டிலில் சாய்ந்து, வெள்ளைவெளேரென்ற மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் நீட்டியிருந்தாள். தோழியைக் கண்டதும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆசியா மூச்சு விடாமல் நடந்ததைச் சொன்னாள். தான் போய் நின்றது, மருமகள் எழுந்தது, வாத்தியார் சொன்னது எல்லாவற்றையும் ஜொஹரா கேட்டுக்கொண்டாள். பிறகு, தானும் காலையிலிருந்து அந்த ஓட்டையேதான் நினைத்துக்கொண்டு கிடந்ததாகவும், வண்டி வந்திருப்பது அல்லாஹ்வின் கிருபை என்றும் சொல்லி, சேலையை மாற்றிவிடச் சொன்னாள்.

மகள் ஒப்பவில்லை. ஒரு ஓட்டுக்காக இந்தக் காலைத் தூக்கிக்கொண்டு கடலூர் வரைக்கும் குலுங்கிக்கொண்டு போவதா என்று சத்தம் போட்டாள். தாய் பிடித்த பிடியை விடவில்லை. அப்படியானால் சாப்பிடாமல் போகக் கூடாது என்று மகள் இன்னொரு பிடி பிடித்தாள். சோறு வந்தது, குழம்பு வந்தது, தொழுகை முடிந்தது. ஐந்து மணிக்குச் சாவடியைச் சாத்திவிடுவார்களே என்று ஆசியா ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணாயிரமும் மகளுடைய புருஷனுமாக ஜொஹராவை அள்ளிப் பின் இருக்கையில் கால் நீட்டி வைத்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

வண்டி வெள்ளாற்றைத் தாண்டியதும் ஆசியாவுக்குப் பேச்சு ஊற்றெடுத்தது. முன் இருக்கையிலிருந்து திரும்பி, தம்பி ஜெயிக்கப்போவதையும், ஜெயித்ததும் பிரியாணி போடப்போவதையும், மருமகள் முகம் போகப்போகிற போக்கையும் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜொஹரா வெளியே உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆசியா, காலையில நீ போட்டிருந்தா எதுல குத்தியிருப்பே?" என்று கேட்டாள்.

"இது இன்னா கேள்வி, குடையிலதான்."

"நான் சைக்கிளுக்குப் போடப் போறேன்டி."

வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கண்ணாயிரம் பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் இரண்டு பேரையும் பார்த்தான்.

"ஒன் தம்பி நல்லவன்தான். இல்லேன்னு சொல்லல. எங்க வூட்டுக்காரரு மௌத்தானப்ப முன்னால நின்னு எல்லாம் பார்த்தான். ஆனா தெருக் குழாய் காஞ்சு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. நானும் மூணு வாட்டி நடந்தேன், செஞ்சிடலாம், செஞ்சிடலாம்னான். குழாயில தண்ணி வந்திருந்தா நான் எதுக்கு அந்தப் பாசி புடிச்ச கெணத்துக்குப் போறேன், எதுக்குக் காலை ஒடிச்சிக்கிறேன்? அவன் வண்டியில ஏறிக்கிட்டு சொல்லாம வர எனக்கு மனசு வரல. ஒனக்கு இஷ்டமில்லேன்னா இங்கியே பஸ் நிக்கிற எடத்துல எறக்கி வுட்டுடு. கோச்சிக்க மாட்டேன்."

ஆசியா முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.  இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பிக்கு எதிராக ஒரு ஓட்டை, அவன் வாடகை கொடுக்கிற வண்டியில், அவன் படத்தை நாலு பக்கமும் ஒட்டிக்கொண்டு, தானே போய் ஏற்றிக்கொண்டு வருகிறாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் வேறென்ன? ஒரு ஓட்டில் கவிழ்ந்துவிடும் என்று சொல்கிறார்களே, அந்த ஒரு ஓட்டு இதுவாகவே இருந்துவிட்டால்? 

ஆலப்பாக்கம் பக்கத்து ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி வருகிறதாம். ஜொஹரா அசதியில் கண்ணயர்ந்திருந்தாள். கண்ணாயிரம் இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஆசியாவின் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தான்.

"ரேடியேட்டர் சூடாயிடுச்சுன்னு சொல்லி இங்கியே நிறுத்திடட்டுமாம்மா? அஞ்சு மணி தாண்டிடும். யாரு மேலயும் பழி வராது."

உண்மையிலேயே ஆவி வந்துகொண்டுதான் இருந்தது. அவள் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே போதும். ஆசியா பேசாமல்தான் இருந்தாள். கூட்ஸ் வண்டி வந்தது, நீளமான வண்டி. ஒவ்வொரு பெட்டியாகத் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. தம்பி தோற்றுப்போய் வீட்டுக்குள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் ஒரு தோற்றம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதோடு கூடவே இன்னொன்றும் வந்தது. காலையில் மட்டும் ஜெய்னப் எழுந்து நிற்காமல் இருந்திருந்தால், இந்த ஓட்டு குடையில் விழுந்திருக்கும். ஜொஹரா கால் சரியாகித் திரும்பி வந்ததும், உன் ஓட்டை வீணாக்காமல் போட்டுவிட்டேன் என்று இவள் பெருமையாகச் சொல்லியிருப்பாள். அந்தப் பாவி அதற்கு நன்றி வேறு சொல்லியிருக்க வேண்டும். அமானிதம் அமானிதம் என்று சொல்லிக்கொண்டு போய், தோழியின் சர்க்கரையைத் தன் வீட்டு டப்பாவில் கொட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். ஆசியாவுக்கு முகம் சுட்டது. காலையில் பட்ட அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கேட்டைத் திறந்தார்கள்.

"தண்ணிய ஊத்திட்டு வண்டிய எடுரா" என்றாள்.

பள்ளிக்கூட வாசலில் வண்டி வந்து நின்றபோது, கதவைச் சாத்தப் போகிற போலீஸ்காரர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பக்கமும் குடை ஒட்டிய வண்டியிலிருந்து மாவுக்கட்டோடு ஒரு கிழவி இறங்குவதைப் பார்த்த காசிமின் ஆட்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து, ஜொஹராவை உட்கார வைத்து, ஆளுக்கொரு நாற்காலிக் காலாகப் பிடித்துப் பல்லக்குத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காசிம் எங்கிருந்தோ ஓடி வந்து, சிதம்பரம் வரைக்கும் போனியாமே லாத்தா என்று தழுதழுத்தான். ஆசியா அவனை ஏறிட்டுப் பார்க்காமல் நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டாள். அவனிடம் அந்த நிமிஷம் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அழுதிருப்பாள்.

உள்ளே தேவசகாயம் பேரைக் கேட்டுக்கொண்டு ஜெய்னப்பைப் பார்த்தார். இவுங்கதான் சார் ஜொஹரா பீவி என்றாள் அவள். மாமியாரைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. விரலில் மை வைத்தார்கள், சீட்டைக் கொடுத்தார்கள், நாற்காலியை மறைப்புக்குள் நகர்த்திவிட்டு எல்லாரும் விலகி நின்றார்கள். முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது. ஜொஹரா சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பெரிய பாரம் இறங்கியவள் போல் நாற்காலியில் சாய்ந்தாள்.

அடுத்தது ஆசியா. இந்த முறை சொந்தப் பேரைச் சொல்லுங்கள் என்று தேவசகாயம் சிரித்தார். அவளும் சொன்னாள். போன தேர்தலில் மறைப்புக்குள் போன வேகத்திலேயே வெளியே வந்துவிட்டாள். தம்பி எங்கே இருக்கிறானோ அங்கே குத்துவதற்கு யோசனை எதற்கு? இன்று அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். குடையும் சைக்கிளும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. இதைத் தனக்காக வேறு யாரும் போட்டுவிட முடியாது என்பது அவளுக்கு முதல்முறையாக உறைத்தது. கால் வலிக்கிற அளவுக்கு நின்றாள். அம்மா, மணி ஆயிற்று என்று வெளியிலிருந்து குரல் வந்த பிறகுதான் முத்திரை விழுந்தது.

அன்று சாயங்காலம் மாமியாரும் மருமகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் ஆசியாவுக்கு எந்நாளும் கிடையாது. ஆனால் சோறு போடும்போது, மகன் ஹிதாயத்துல்லாவுக்கென்று எடுத்து வைத்த பெரிய வஞ்சிரத் துண்டை ஜெய்னப்பின் தட்டில் வைத்தாள். ஹிதாயத்துல்லா தன் தட்டையும் மனைவியின் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புத்திசாலித்தனமாக ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் எண்ணினார்கள். காசிம் ஜெயித்துவிட்டான், ஆனால் மயிரிழையில். போன தடவை அவனுக்குக் குவிந்த ஓட்டில் பாதி சைக்கிள் ஏறிப் போயிருந்தது. இருந்தாலும் ஜெயம் ஜெயம்தானே. மேளம், வெடி, கழுத்து மறைகிற மாலை என்று ஊர்வலம் நேராக அக்காள் வீட்டுக்கு வந்தது. எல்லாம் நீ அல்லாஹ்விடம் கேட்ட துஆதான் லாத்தா என்று காசிம் வாசலில் செருப்பைக் கழற்றினான். ஆசியாவுக்கு அவனைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. நிறைந்த மனசோடுதான் சொன்னாள்.

"ஒனக்கு எதிரா வுழுந்த ஓட்டுல ஒன்னு நான் கொண்டாந்தது காசிம். ஒன் வண்டியிலதான் கொண்டாந்தேன்."

அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். மேளக்காரர்களும் நிறுத்திக்கொண்டார்கள். ஏன் லாத்தா என்று கேட்டான்.

"ஜொஹரா சொன்னது நெசம். தெருக் குழாயில தண்ணி இல்லாமத்தான் கெணத்துக்குப் போயி அவ கால் ஒடைஞ்சுது. என் ஓட்டை ஒனக்குத்தான் போட்டேன், ஆனா அதுக்கு வெகு நேரம் நிக்க வேண்டியதாப் போச்சு. அடுத்த வாட்டியும் போடுவேனான்னு எனக்கே தெரியல."

காசிமின் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். காசிம் மாலையில் ஒரு பூவைப் பிய்த்து உருட்டிக்கொண்டு நின்றான். சின்ன வயசில் அக்காளிடம் அடி வாங்கிக்கொண்டு நிற்பானே, அதே நிலைதான். நிஜமாகவே வருத்தப்பட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. நாளைக்கே ஆபீஸில் சொல்லிச் செய்துவிடலாம் என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, "எந்தக் குழாய் லாத்தா?" என்று கேட்டான்.

 ஆசியா கொடியில் கிடந்த துப்பட்டியை உருவித் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

"வா, காட்டுறேன்" என்று முன்னால் நடந்தாள். மாலையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் கவுன்சிலர் பின்னால் போனார்.